முடிவு தெரிந்த ஆட்டம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய உவகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் காட்டுகின்றார். செல்வம் ஒன்று; காதலர் கூட்டம் மற்றொன்று. எஞ்சிய இரண்டுமே இங்கு நம் சிந்தனைக்கு உரியவை. அவற்றுள் ஒன்று புலன். அதற்குக் கல்வியின் பயனாகிய அறிவு என்று உரை கூறுவர். இன்னொன்று விளையாட்டு. கல்வியையும் விளையாட்டையும் ஒரே பந்தியில் அமர்த்தி இலை போட்டவர், நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கண நூலின் ஆசிரியர். நம் வீடுகளிலோ அவ்விரண்டும் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளாகிவிட்டன.

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் உடனே அது நன்றா தீதா என்னும் பட்டிமன்றத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அம்மன்றத்திற்குள் நாம் நுழையவில்லை. நம் வினா சிறியது. மாணவர்களைப் பற்றி விசாரிக்கத் துறைக்கு வரும் பெற்றோர் சொல்லும் குறைகளுள் ஒன்று அடிக்கடி நம் செவியில் விழுகின்றது. “ஆடுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆடி முடித்ததையே முதலிலிருந்து மறுபடியும் ஆடுகிறானே, அதில் என்ன இருக்கிறது?” என்பதே அக்குறை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். முடிவு தெரிந்தபின் ஆட்டம் எதற்கு? வென்ற கோட்டையை மீண்டும் ஏன் முற்றுகையிட வேண்டும்? நம் கருத்தோ இதற்கு நேர்மாறானது. இவ்விளையாட்டுகளில் போற்றத்தக்கது எது என்று வினவினால், பெற்றோர் நொந்துகொள்ளும் அந்த மறு ஆட்டமே என்போம்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் காண்போம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ என்னும் ஆட்டத்தை இன்று நாற்பது வயதைக் கடந்த நகரத்தாரில் அறியாதவர் குறைவு. 1990களில் தென்காசியில் இருந்த நம் தலைமுறைக்கு அது மூலக் கருவியில் வந்து சேரவில்லை. ஒரே கேசட்டில் பல ஆட்டங்களை அடைத்து விற்ற போலிப் பெட்டிகளின் வழியாகவே வந்தது. பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்துத் தர விவரம் அறிந்த அண்ணன் ஒருவர் வேண்டும். வெள்ளிக்கிழமையென்றால் ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குமுன் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். கேசட் ஓடாவிட்டால் அதன் வாயில் ஊதிவிட்டு மீண்டும் செருகுவோம். ஊதியதனால் ஓடியதா, மறுபடி செருகியதனால் ஓடியதா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

அவ்வாட்டத்தில் எட்டு உலகங்கள். உலகிற்கு நான்கு கட்டங்களாக முப்பத்திரண்டு. ஒவ்வோர் உலகின் இறுதியிலும் ஒரு கோட்டை. சிறைப்பட்ட இளவரசியை மீட்பதே கதை. முதல் ஏழு கோட்டைகளிலும் அவள் இல்லை. வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்று ஒரு பணியாள் உருவம் அறிவிக்கும். முதன்முறை ஆடுபவனுக்கு அது ஏமாற்றம். மூன்றாம் முறை ஆடுபவனுக்கு அது நகைச்சுவை. அப்பணியாள் சொல்லப்போவதை அவன் முன்கூட்டியே சொல்லிச் சிரிக்கின்றான். திரையில் ஒன்றும் மாறவில்லை, மாறியிருப்பவன் ஆடுகின்றவன்.

இன்னொன்றும் உண்டு. முதல் உலகின் இரண்டாம் கட்டம் சுரங்கம் போன்றது. அதன் மேற்கூரையின்மீது ஏறி ஓடினால் ஒரு மறைவிடம் வரும். அங்குள்ள குழாய்களுள் இறங்கினால் இரண்டாம், மூன்றாம், நான்காம் உலகங்களுக்கு நேரே சென்றுவிடலாம். இந்தக் குறுக்குவழியை முதலில் கண்டுபிடித்தவன் தெருவில் தலைவனாகிவிடுவான். அறிந்த நாள்முதல் அனைவரும் அவ்வழியே ஓடுவர். ஆயின் வியப்பு என்னவெனில், சில மாதங்கள் சென்றபின் குறுக்குவழி தெரிந்தவர்களே அதனை விடுத்து, எட்டு உலகங்களையும் ஒவ்வொன்றாகக் கடக்கத் தொடங்கினர். வெல்வது நோக்கமாயின் இச்செயலுக்குப் பொருளே இல்லை. வழியே இன்பமாகிவிட்டவனுக்கு மட்டுமே குறுக்குவழி நட்டமாகப் படும்.

அதனைப் படைத்தோரும் இதனை அறிந்தே இருந்தனர். இளவரசியை மீட்டபின் ஆட்டம் முற்றுப்பெறுவதில்லை. ஆடுபவனை மற்றொரு முறை புறப்படுமாறு அழைக்கின்றது. இம்முறை காளான் உருவங்கள் வந்த இடங்களில் தீக்குண்டுக்கும் அசையாத ஓடுடைய உயிர்கள் வருகின்றன. அதே வழிதான், கால் வைக்கும் கவனம் வேறு. இவ்வாறு திரும்பத் திரும்ப ஆடியவர்களின் கைத்திறன் எங்குச் சென்று முடிந்தது தெரியுமா? குறுக்குவழிகளைக் கையாண்டு மிகக் குறைந்த நேரத்தில் இவ்வாட்டத்தை முடிப்பதை ஒரு கலையாகவே பயில்வோர் உலகெங்கும் உள்ளனர். 2021ஆம் ஆண்டில் 4 நிமிடம் 55 நொடி என்னும் எல்லையும் கடக்கப்பட்டது. ஆட்டம் வெளிவந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரு நொடியின் சிறு பகுதியைக் குறைப்பதற்காக ஒருவர் அதே முதற் கட்டத்தின் முன் சென்று அமர்ந்தார் என்றால், அவரை வேலையற்றவர் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஒரே இராகத்தை ஆயுள் முழுதும் சாதகம் செய்த நாதசுரக் கலைஞரை நாம் அவ்வாறு ஒதுக்கியதில்லை அன்றோ?

முடிவு தெரிந்த ஒன்றினிடத்துத் திரும்பிச் செல்லும் இந்த இன்பம் தென்காசிச் சீமைக்குப் புதியதுமன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) வாழ்ந்த மண் இது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் கூடிய நண்பர் குழுவே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்றது. பின்னாளில் அவர் குற்றாலத்தில் தங்கியிருந்தபோது இராஜாஜியும் கல்கியும் நீதிபதி மகராஜனும் தொண்டைமான் பாஸ்கரனாரும் அவரை நாடி வந்து கம்பனைக் கேட்டனர். வந்தவர்களுள் இராமகாதையின் முடிவை அறியாதவர் எவர்? இராவணன் மாள்வான் என்பது இராஜாஜிக்குத் தெரியாதா? காண்டம் காண்டமாக ஓட்டிச் செல்வது டி.கே.சி.யின் வழக்கமன்று. ஒரு பாடலை எடுப்பார், சொல்வார், நிறுத்துவார், மறுபடியும் முதலடியிலிருந்து சொல்வார். பாடலின் தாளத்தில் எந்தச் சொல் எந்த இடத்தில் விழுகின்றது என்பதில் அவர் நெஞ்சம் தோயும். கம்பர் வாக்கல்ல என்று தமக்குத் தோன்றிய பாடல்களை அவர் களைந்து ஒதுக்கியதை அறிஞர் பலர் ஏற்றதில்லை, நாமும் ஏற்கவில்லை. ஆயினும் எத்தனையோ முறை அந்நூலுக்குள் போய் வந்தவருக்கன்றி அத்தகைய துணிவு பிறந்திராது என்பதனை மறுக்கவியலாது.

கம்பனேகூட முடிவு தெரிந்த கதையைத்தானே எடுத்துக்கொண்டான்! மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியைத் தேடி அலைகின்றான். கண்டுகொள்வான் என்பதைக் கூத்துப் பார்க்க வந்த குழந்தையும் அறியும். தென்காசியில் பிறந்தவரென்று போற்றப்படும் ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் ‘ஞானப் புகழ்ச்சி’யைத் தக்கலையில் ஆண்டுதோறும் இரவு முழுதும் அமர்ந்து பாடுகின்றனர். அப்பாடல்களை நெஞ்சில் எழுதி வைத்திருப்பவர்களே பாடுகின்றனர், அறிந்தவர்களே கேட்கின்றனர். புதிதாக எதனையும் தெரிந்துகொள்ள அங்கு எவரும் விழித்திருக்கவில்லை. இவ்வளவு ஏன், சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் பேரருவியில் குளித்துத் தலை துவட்டி, உண்டு, உடல் சூடேறியதும் மீண்டும் அதே அருவியின் கீழ்ச் சென்று நிற்பதைக் காண்கின்றோம். ஒருமுறை நனைந்தாயிற்றே என்று எவரும் ஊர் திரும்புவதில்லை.

ஆயின் வகுப்பறையில் நிலைமை வேறு. சிலம்பின் வழக்குரை காதையைப் பாடம் சொல்லப் புகுந்தால், “கதை தெரியும் ஐயா” என்று ஒரு குரல் எழும். பாண்டியன் இறப்பான், மதுரை எரியும், அவ்வளவுதானே என்னும் எண்ணம் அக்குரலில் ஒலிக்கும். பள்ளியில் ஒருமுறை, கல்லூரியில் ஒருமுறை, வினா-விடை நூலில் சுருக்கமாக ஒருமுறை. அத்துடன் சிலம்பு முடிந்தது. அம்மாணவனே அன்று மாலை விடுதியில் அமர்ந்து, தான் பலமுறை முடித்த ஓர் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகின்றான். ஏன் என்று வினவினால், சென்ற முறை அவசரத்தில் ஓடிவிட்டதாகவும், இம்முறை ஒவ்வோர் அறையையும் திறந்து பார்க்கப் போவதாகவும் கூறுகின்றான். இதனைக் கேட்ட நமக்கு நகைப்பும் பொறாமையும் ஒருங்கே எழுந்தன. இலக்கிய வகுப்பில் நாம் ஆண்டு முழுதும் தொண்டை வறளச் சொல்லியும் விளங்க வைக்க முடியாத ஒன்றை அவன் கைகள் முன்பே அறிந்து வைத்திருக்கின்றன. வாயிலோனைக் கண்ணகி விளிக்கும் சொற்களில் எத்தனை அறைகள் பூட்டியிருக்கின்றன என்று இனி அவனிடம் சொல்லத் தொடங்கலாம் என்று தோன்றியது. சொல்லியும் பார்த்தோம். நிமிர்ந்து அமர்ந்தான் என்பது வரை உண்மை. தேர்வில் என்ன எழுதினான் என்பது வேறு.

இங்கு ஒரு தடை எழலாம். மேரியோவும் கம்பனும் ஒன்றா என்று தமிழாசிரியர்களே நம்மை வினவுவர். ஒன்றல்ல. நூறாவது முறை மேரியோவை ஆடுபவன் அதில் காண்பது பெரும்பாலும் தன்னுடைய கைத்திறனை மட்டுமே. குதிக்க வேண்டிய கணம் விரலில் ஏறிவிட்டது என்னும் களிப்பு அது. நூறாவது முறை கம்பனைப் பயில்பவன் காண்பதோ தன்னினும் பெரிய ஒன்றை. வைத்தவன் எவ்வளவு வைத்தானோ அவ்வளவே தேடுபவனுக்குக் கிடைக்கும். எனினும் தேடும் பழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே. இன்றைய ஆட்டங்களுள் சில, ஆடுபவன் எடுக்கும் முடிவிற்கேற்பக் கதையையே வேறு திசையில் நடத்திச் செல்லும் தன்மையன. அவற்றில் மறு ஆட்டம் என்பது ‘அன்று அவனுக்கு இரங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று எண்ணிப் பார்ப்பதற்கும் இடம் தருகின்றது. பாதி நூலைக் கடந்தபின் முதல் இயலைப் புரட்டிப் பார்க்கும் வாசகனுக்கும் இவனுக்கும் உறவு உண்டு என்றே கருதுகின்றோம்.

இனி, நாம் போற்றும் மறு ஆட்டம் எது, போற்றாதது எது என்பதையும் பிரித்துக் காட்டுதல் கடன். தமிழில் ‘மீள்’ என்னும் வினைக்கு இரு பொருள்கள் உள. திரும்பி வருதல் ஒன்று. பிடியினின்று விடுபடுதல் மற்றொன்று. ‘ஊருக்கு மீண்டான்’ என்கின்றோம். ‘நோயினின்று மீண்டான்’ என்றும் கூறுகின்றோம். ஒரே சொல் இரண்டையும் சுமப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நம் பொருளுக்கு அது மிக இயைந்து நிற்கின்றது. ஓர் ஆட்டத்தை விட்டு முதலில் மீண்டவனே அதனிடம் பின்னர் மீள முடியும். வெளியேறாதவன் எங்ஙனம் திரும்பி வருவான்? மேரியோவுக்கு முடிவு உண்டு. பெட்டியை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் அது நம்மைத் தேடி வராது. ஆறு மாதம் கழித்து அட்டைப்பெட்டியைத் திறந்தாலும் முதல் உலகின் முதற் கட்டம் வைத்தது வைத்தபடி காத்திருக்கும்.

இதற்கு மறுதலையான ஆட்டத்திற்கும் சான்று காட்டுவோம். ‘பண்ணை’ என்னும் சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் உரைக்கின்றது தொல்காப்பிய உரியியல். இன்று பண்ணை என்றால் கோழியும் மாடும் நினைவுக்கு வருகின்றன. பழம்பொருளுக்கும் புதுப்பொருளுக்கும் முடிச்சுப் போட்டாற்போல 2009ஆம் ஆண்டில் முகநூலில் ‘ஃபார்ம்வில்’ என்னும் பண்ணை விளையாட்டு வந்தது. பயிர் விளைய இத்தனை மணி நேரம் என்று கணக்கு. குறித்த வேளையில் வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். உணவு இடைவேளையில் அலுவலகக் கணிப்பொறியின் முன் அமர்ந்து கத்தரிக்காய் அறுத்தவர்களை நாம் அறிவோம். அவர்கள் விரும்பி வந்தார்களா, பயிர் வாடுமே என்று அஞ்சி வந்தார்களா? நாளும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் இழப்பு என்று ஆளைக் கட்டி வைக்கும் இம்முறையே இன்று கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் வழக்காகிவிட்டது. அவற்றை நாள்தோறும் தொடுவதை மீண்டும் ஆடுதல் என்று நாம் கொள்வதில்லை. அது வருகைப் பதிவு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் இதனினும் கொடியவை. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டிலும் நாடு முழுமைக்குமாக 2025ஆம் ஆண்டிலும் அவற்றின்மேல் சட்டம் பாய்ந்ததன் காரணத்தைச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிவர்.

பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிவாராயின் அவர்தம் கோபம் உரிய இடத்தில் சென்று விழும். பையன் முடித்த ஆட்டத்தையே மீண்டும் தொடங்குகின்றானா? அஞ்ச வேண்டியதில்லை, ஒருமுறை முடித்து எழுந்தவன் மறுமுறையும் எழுவான். முடிவே இல்லாத ஒன்றை நடு இரவில் அறிவிப்பு மணி கேட்டுத் திறக்கின்றானா? அங்குக் கேளுங்கள் உங்கள் கேள்வியை.

அந்தப் பண்ணையின் கதை முடிந்த விதமும் கருதத்தக்கது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு முகநூலில் அது மூடப்பட்டது. பதினொரு ஆண்டுகளாக வா, வா என்று அழைத்த ஆட்டம், இன்று ஒருவர் தாமாகவே விரும்பி அதே பண்ணைக்குத் திரும்ப நினைத்தாலும் நுழைய இயலாதது. நிறுவனத்தின் கணிப்பொறியில் உயிர் வைத்திருந்த ஆட்டம், நிறுவனம் கையை எடுத்தவுடன் மறைந்துவிட்டது. விலை கொடுத்து வாங்கிய ஆட்டங்களுக்கும் இக்கதியே நேர்கின்றது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய ஆட்டம் 2014இல் வெளிவந்தது. 2024 மார்ச் இறுதியில் அதன் இணைப்பு நிறுத்தப்பட்டது. தனியாக அமர்ந்து ஆட விரும்பியவரும் அதன்பின் ஆட முடியவில்லை. வட்டு கையில் இருக்கின்றது, ஆட்டம் இல்லை.

பழைய ஆட்டங்களின் நிலையும் மெச்சும்படி இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களுள் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று, அவற்றின் வரலாற்றைப் பேணும் அந்நாட்டு அமைப்பொன்று 2023இல் ஆய்ந்து அறிவித்தது. தமிழ்த்துறையைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி எங்கோ நடப்பதாகத் தோன்றவில்லை. ஏடுகள் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் போன வரலாற்றைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து 1887இல் சிந்தாமணியை அச்சேற்றியிராவிடின், அதனை ஒருமுறை பயில்வதற்கே வழியிராது. மறுமுறை என்ற பேச்சுக்கு இடமேது? தொலைந்துபோன நூல்களின் பெயர்களை உரைகளில் காணும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழும் ஏக்கத்தை, இருபது வயதிலேயே ஒரு மாணவன் தன் சிறுவயது ஆட்டம் குறித்து அடைகின்றான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறியதை இழந்த துயரம் என்று அதனை எள்ளுதல் எளிது. பெரியதை இழந்தால் என்னாகும் என்பதை அவனுக்குச் சொல்ல நமக்கு வேறு சிறந்த வாயில் கிடைக்குமா என்பது ஐயமே.

நம் பழைய போலிப் பெட்டிகளையும் கேசட்டுகளையும் இன்னும் பரணில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பழுதில்லாத பெட்டியாயின், தூசு தட்டிச் செருகினால் மேரியோ இன்றும் ஓடுவான். எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. ஐரோப்பாவிலோ இந்த உரிமைக்காக ஓர் இயக்கமே எழுந்துள்ளது. நிறுவனங்கள் இணைப்பைத் துண்டிக்கும்போது ஆட்டத்தை அழித்துவிடாமல், வாங்கியவர் தம் கருவியில் ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கையெழுத்திட்டவருள் பெரும்பாலோர் அவ்வாட்டங்களின் முடிவை முன்பே கண்டவர்களாகத்தான் இருப்பர். புது ஆட்டம் ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. ஆடியதையே இன்னொரு முறை ஆட விடுங்கள் என்றுதான் கேட்கின்றனர்.